பின்பனிக் காலம்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரிய திங்கள்கள். தமிழாசிரியனாகப் பணியாற்றிய முப்பத்திரண்டு ஆண்டுகளும் இந்தப் பாடத்தை மாணவர்க்குக் கற்பித்திருக்கிறேன். கற்பித்த எனக்கும், கேட்ட அவர்களுக்கும் பின்பனி என்பது தேர்வுக்காக மனனம் செய்யும் ஒரு சொல்லாகவே இருந்தது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் மலேசிய நாட்டில் பனிக்கு ஏது இடம்?

பாலைத் திணைக்கு வேனிற் காலம் உரியது என்பர்; அதனோடு பின்பனியும் உரியது என்று தொல்காப்பியம் வகுக்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. கொளுத்தும் வேனிலைப் பிரிவுக்கு உரியதாக்கிய காரணம் எனக்கு எளிதில் விளங்கியது. பின்பனியை ஏன் அதனோடு சேர்த்தார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. 2018ஆம் ஆண்டு மாசித் திங்களில், இங்கிலாந்தின் வடபகுதியில், ஒரு வீட்டின் சாளரத்தருகே அமர்ந்து வானொலியின் வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்கு விளங்கிற்று.

என் அக்கா இங்கிலாந்துக்குச் சென்றது 1962ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது, எனக்குப் பதினொன்று. சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தார். அப்பா இல்லை. வேறொரு தோட்டத்து மருத்துவமனையில் டிரெசராக இருந்த தாய்மாமன்தான் அக்காவைப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தவர். அக்காலத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் தாதியர் பற்றாக்குறை மிகுந்திருந்தது. மலாயாவிலிருந்து பெண்கள் பலர் தாதிமைப் பயிற்சிக்காக அங்குச் சென்றனர். பயிற்சியின்போதே உதவித்தொகை கிடைத்தது. அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்ப முடிந்தது. மாமா கடன்பட்டுக் கப்பல் கட்டணம் கட்டினார். பினாங்கில் கப்பலேறிய அக்கா நவம்பர் இறுதியில் யார்க்சயர் வட்டாரத்தின் நகரமொன்றைச் சென்றடைந்தார்.

அவர் சென்ற வேளை அத்தகையது போலும். அந்த ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி தொடங்கிய பனி, மார்ச் மாதத் தொடக்கம் வரையில் நிலத்தை விட்டு அகலவில்லை. 1740ஆம் ஆண்டுக்குப் பின் அத்துணைக் கடுமையான குளிர்காலத்தை இங்கிலாந்து கண்டதில்லை என்று வானிலை ஏடுகள் கூறுகின்றன. 1963 ஜனவரியில் நடு இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்குக் கீழே 2.1 பாகையாக இருந்தது. ஆறுகள் உறைந்தன. சில இடங்களில் கடலின் கரையோர நீரும் உறைந்தது. காற்பந்து ஆட்டங்கள் வாரக் கணக்கில் நின்றுபோயின. வெப்ப நாட்டிலிருந்து இரண்டு பருத்திச் சேலைகளும் ஒரு கம்பளிச் சட்டையுமாகச் சென்ற பெண்ணை அந்நாடு வரவேற்ற முறை இது.

நீல நிற விமானக் கடிதங்கள் மாதம் இருமுறை வந்தன. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மாலையில் அம்மா குளித்துவிட்டு லயத்து வீட்டின் வாசற்படியில் அமர்வார். நான் மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதத்தை உரக்கப் படிப்பேன். "பனி பெய்கிறது" என்று அக்கா எழுதியிருந்ததைக் கேட்டதும் அம்மா கவலையோடு, "பனியிலே நனைஞ்சா மண்டையிடி வருமே, முக்காடு போட்டுக்கிட்டு வேலைக்குப் போகச் சொல்லி எழுதுடா" என்றார். அம்மா அறிந்த பனி, விடியற்காலையில் ரப்பர் மரங்களுக்கிடையே புகைபோல நிற்கும் பனி. புல்நுனியில் நின்று கணுக்காலை நனைக்கும் பனி. முழங்கால் அளவுக்குக் குவிந்து கதவைத் திறக்க முடியாமல் செய்யும் பனியை அவருக்கு எப்படி விளக்குவது? எனக்கே அது விளங்கவில்லை.

இன்று எண்ணிப் பார்க்கிறேன். பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி, பனிக்கட்டி என எல்லாவற்றையும் 'பனி' என்னும் ஒரே சொல்லின் கிளைகளாகத் தமிழ் வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றனர். தேவை பெயரைத் தருகிறது. ஒவ்வொரு பனிக்கும் ஒவ்வொரு விதமான ஆபத்து உண்டு என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

1963 பிப்ரவரியில் வந்த கடிதத்தைப் பற்றித்தான் நான் இங்குச் சொல்ல வேண்டும். அதற்குமுன் தோட்டத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு வெறுங்கிளைகளோடு நிற்கும். பிறகு இளந்தளிர் விடும். அந்நாட்களில் பால் குறைந்துவிடும். பால் குறைந்தால் கூலியும் குறையும். குளிர் என்பதே அறியாத நம் நாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் அந்தப் பருவத்துக்குக் 'குளிர்காலம்' என்றே தங்கள் மொழியில் பெயரிட்டிருந்தனர். பெயர் பொருத்தமோ இல்லையோ, எங்கள் அடுப்புக்கு அது குளிர்காலந்தான். அந்த இரண்டு மாதங்களில் கடைக் கடனை அடைப்பதற்கு அக்கா அனுப்பும் பணத்தைத் தவிர வேறு வழியில்லை. இன்னொன்றும் உண்டு. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்தேன். மறு ஆண்டு பட்டணத்துக்குச் சென்று புகுமுக வகுப்பில் சேர வேண்டும். பேருந்துக் கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் அக்காவின் பணத்தை நம்பியே இருந்தன.

அந்தக் கடிதத்தில் அக்கா எழுதியிருந்தார்: தாதியர் விடுதியில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிட்டன. கைவிரல்கள் வீங்கி வெடித்துவிட்டன. சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களும், மார்ச்சளி கண்டவர்களும் கட்டிலுக்குக் கட்டில் நிறைந்திருக்கிறார்கள். தானும் ஒருநாள் வழியில் விழுந்து, எழ முடியாமல் கிடந்து அழுததாக எழுதியிருந்தார். இறுதியில் இரண்டு வரிகள் இருந்தன. "என்னால் இங்கே இருக்க முடியவில்லை தம்பி. அம்மாவிடம் கேட்டு, 'வா' என்று ஒரு சொல் எழுது, வந்துவிடுகிறேன்."

அம்மா வாசற்படியில் காத்திருந்தார். நான் வாய் திறந்து படித்தேன். உடல்நலம் விசாரித்திருந்த வரிகளைப் படித்தேன். நோயாளிகளைப் பற்றிய வரிகளில் பாதியைப் படித்தேன். பிறகு அந்தத் தாளில் இல்லாத ஒன்றைப் படித்தேன்: "இங்கே குளிர் குறைந்து வருகிறது. இனி நல்ல காலம்."

அம்மா கைகூப்பி, "மாரியாத்தா காப்பாத்தினா" என்றார்.

அன்றிரவே ஒரு பதில் எழுதினேன். அம்மா சொல்லி எழுதியதைப் போல எழுதினேன். "படிப்பைப் பாதியில் விடாதே. துன்பத்தைக் கண்டு துவளாதே. இரவு கழிந்தால் பகல் வரும்" என்றெல்லாம் பள்ளிப் பாடநூலில் கற்ற வாசகங்களைக் கோத்து முடித்தேன். மறுநாள் கங்காணியிடம் கொடுத்து அஞ்சலில் சேர்க்கச் சொன்னேன்.

அக்கா திரும்பி வரவில்லை. பயிற்சியை முடித்தார், அங்கேயே வேலையில் அமர்ந்தார். மாதந்தோறும் பணம் வந்தது. நான் படித்து ஆசிரியனானேன். 1967ஆம் ஆண்டில் அம்மா காலமானார். விடுப்பும் பயணச் செலவும் கூடிவராமல் போனதால் அக்கா முதன்முறையாக நாடு திரும்பியது 1970இல்தான். அவர் பார்த்தது அம்மாவின் புகைப்படத்தை மட்டுமே. அப்போதும் நான் அந்தக் கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு அவருக்கு அங்கேயே திருமணமாயிற்று. ஒரு மகள் பிறந்தாள். ஆண்டுகள் உருண்டன.

2018 பிப்ரவரியில் அக்காள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மாவுக்கு இதயம் மிகவும் தளர்ந்துவிட்டது மாமா. பார்க்க வேண்டுமானால் இப்போதே வாருங்கள்" என்றாள். அம்மாதம் 26ஆம் தேதி மாலை மான்செஸ்டர் விமான நிலையத்தில் இறங்கினேன்.

அவள் குடியிருப்பது ரோச்டேல் நகரில். 1844ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொழிலாளர் சிலர் சேர்ந்து தொடங்கிய ஒரு சிறு கடைதான் இன்றைய கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியது. நம் தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்கு 1960இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் மூதாதை என்றும் அந்தக் கடையைச் சொல்லலாம். அக்கா இருந்த மருத்துவமனையோ மலைக்கு அப்பால், யார்க்சயர்ப் பக்கத்தில் இருந்தது. இடையே பென்னைன் மலைத்தொடர். மலையைக் கடக்கும் எம் 62 என்னும் நெடுஞ்சாலை ஓரிடத்தில் 372 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. இங்கிலாந்தின் விரைவுச்சாலைகளுள் மிக உயரமான இடம் அது. நம் கேமரன் மலையின் தானா ராத்தாவோடு ஒப்பிட்டால் கால்பங்கு உயரந்தான். "இதுவா ஒரு மலை?" என்று நான் நகைத்தேன். "மாமா, இந்த மலையில் உயரம் ஆபத்தில்லை, காற்றும் பனியுந்தான் ஆபத்து" என்றாள் அவள்.

அக்கா இருந்த பிரிவில் வயிற்றுத் தொற்று பரவியிருந்ததால் வியாழக்கிழமை வரையில் பார்வையாளரை அனுமதிக்கவில்லை. மூன்று நாட்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்று நாட்களில்தான் நான் வானிலை அறிக்கைக்கு மாணவனானேன்.

அந்நாட்டு மக்கள் வானிலையைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள் என்று கேலி செய்வதுண்டு. அங்கே இருந்து பார்த்தால் கேலி செய்யத் தோன்றாது. காலையில் வானொலி கூறும் நான்கு வரிகளைக் கொண்டுதான் ஒரு குடும்பம் அன்றைய நாளை அமைத்துக்கொள்கிறது. உறைமூடுபனி என்றார்கள். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் உறைநிலைக்குக் கீழேயும் நீராகவே இருந்து, ஒரு கம்பியையோ கிளையையோ தொட்ட கணத்தில் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளுமாம். உறைமழை என்றார்கள். மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்க்காற்றும் நிற்கும்போது, மழையாக விழும் துளி தரையைத் தொட்டவுடன் கண்ணாடியாக உறைந்துவிடுமாம். கரும்பனிக்கட்டி என்றும் ஒன்று கூறினார்கள். அது கருப்பன்று, நிறமே இல்லாதது. தாரின் கருமை அதனூடே தெரிவதால் வெறும் ஈரம் என்று எண்ணிக் கால் வைப்பவர் வீழ்கின்றனர். அக்கா வீழ்ந்ததும் அதில்தான் போலும்.

இரவில் நகராட்சி வண்டிகள் சாலையெங்கும் உப்புத் தூவிச் செல்வதைச் சாளரத்தின் வழியே கண்டேன். செஷயர் வட்டாரத்தின் நிலத்தடிச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிறப் பாறை உப்பு அது. உப்புக் கரைந்த நீர் எளிதில் உறைவதில்லை. ஆனால், பனி விழுந்தபின் தூவுவதைவிட விழுமுன் தூவுவதே சிறந்தது. எனவே உப்பு வண்டிக்காரருக்கும் முன்னறிவிப்பு வேண்டும்.

அந்த முறை வந்த குளிரை வானிலையாளர் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பே மோப்பம் பிடித்துவிட்டனர் என்று அக்காள் மகள் கூறினாள். குளிர்காலத்தில் வடதுருவத்துக்கு மேலே, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று சுழன்றுகொண்டிருக்கும். அவ்வாண்டு பிப்ரவரி நடுப்பகுதியில் அந்தச் சுழற்சி உடைந்தது. மேலடுக்கின் வெப்பநிலை சில நாட்களுக்குள் பல பாகைகள் உயர்ந்தது. காற்று திசை மாறிற்று. அதன் விளைவு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. வழக்கமாக அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரமான மென்காற்றுக்கு மாறாக, ருசிய நிலப்பரப்பிலிருந்து உறைகுளிர்க் காற்று வீசத் தொடங்கியது. 'கிழக்கிலிருந்து வந்த விலங்கு' என்று செய்தித்தாள்கள் அதற்குப் பெயரிட்டன.

இதைக் கேட்டதும் எனக்கு நம் கிழக்குக் கரை நினைவுக்கு வந்தது. சைபீரியாவின் மீது தேங்கும் அதே குளிர்க்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வருகையில் வெப்பமும் ஈரமும் பெற்று, கிளந்தானிலும் திரங்கானுவிலும் பகாங்கிலும் பெருமழையாகக் கொட்டுகிறது. 1971 ஜனவரியில் கோலாலம்பூரையே மூழ்கடித்த வெள்ளத்தை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். ஆசியக் கண்டத்தின் வடகோடிக் குளிர் ஓரிடத்தில் பனியாகவும் மற்றோரிடத்தில் வெள்ளமாகவும் சென்று கதவைத் தட்டுகிறது. நாடுகளைத்தான் நாம் பிரித்திருக்கிறோம். காற்றை யாரும் பிரிக்கவில்லை.

வானிலை முன்னறிவிப்பைத் தொடங்கி வைத்தவரின் வரலாற்றையும் அந்நாட்களில் படித்தேன். அவர் பெயர் ராபர்ட் பிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிச் சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவர் அவர். 1854இல் பிரிட்டனின் வானிலைத் துறை தோன்றியபோது அதன் பொறுப்பை ஏற்றார். 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் புயலில் சிக்கி வேல்சுக் கரையில் உடைந்தது. நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்கூட்டியே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்னும் எண்ணம் அவரை வருத்தியது. தந்திக் கம்பி வழியாகப் பல ஊர்களின் காற்றழுத்தச் செய்திகளைத் திரட்டி, 1861இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி 'தி டைம்ஸ்' நாளேட்டில் பொதுமக்களுக்கான அவருடைய முதல் முன்னறிவிப்பு வெளியாயிற்று. சொன்னது பலித்தபோது யாரும் வியக்கவில்லை. பொய்த்தபோது பலரும் எள்ளினர். 1865 ஏப்ரலில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கடலோடிகளுக்கான வானிலை அறிக்கையில் ஒரு கடற்பகுதிக்கு 2002இல் அவருடைய பெயரைச் சூட்டினர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பதற்காக உலகின் ஏளனத்தை ஏற்றுக்கொண்டார் ஒருவர். நானோ தெரிந்ததை மறைத்தேன். அதோடு நில்லாமல் தெரியாத ஒன்றை அறிவிக்கவும் செய்தேன். "குளிர் குறைந்து வருகிறது" என்று பதினோரு வயதில் நான் சொன்னதும் ஒரு வானிலை முன்னறிவிப்புத்தானே? எந்தக் கருவியைப் பார்த்துச் சொன்னேன்? என் புகுமுக வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்.

மார்ச் 1ஆம் தேதி, வியாழக்கிழமை. மாலையில் மலையைக் கடந்து அக்காவைக் காணச் செல்வதென்று ஏற்பாடு. தெற்கிலிருந்து போர்த்துகீசியர் எம்மா என்று பெயரிட்டிருந்த புயல் வந்து, கீழைக்குளிரோடு மோதிக்கொண்டிருந்தது. தென்மேற்கு இங்கிலாந்துக்கும் தென்வேல்சுக்கும் அன்று உச்சநிலையான சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தனர். எங்கள் பகுதிக்கு அத்தகைய எச்சரிக்கை இல்லை. ஆயினும் மலைமேல் கடுங்காற்று பனியை வாரிச் சாலையில் எறிகிறது என்றது வானொலி. அக்காள் மகள் காரின் சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"இன்று வேண்டாம் மாமா."

எனக்குச் சினம் மூண்டது. "பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவனை இந்தச் சிறு குன்றா தடுக்கப் போகிறது? நாளை என்ன நடக்குமென்று யார் அறிவார்?" என்று இரைந்தேன்.

அவள் இரையவில்லை. "அம்மா முப்பத்தைந்து ஆண்டுகள் தாதியாக இருந்தவர். வானொலி 'போகாதே' என்று சொன்ன பிறகும் போனவர்களைத்தான் தாம் அதிகமாகத் துடைத்துக் கட்டுப்போட்டதாகச் சொல்வார்" என்றாள். நான் வாயடைத்துப் போனேன்.

அன்றிரவு அந்த நெடுஞ்சாலை மூடப்பட்டது. மலைமேல் ஏராளமான வண்டிகள் விடியும்வரை சிக்கிக் கிடந்தன. சுற்றுவட்டாரத்து மக்கள் இருளிலும் பனியிலும் நடந்து சென்று, வண்டியில் கிடந்தோர்க்குத் தேநீரும் உணவும் போர்வையும் கொடுத்தார்கள். சிலர் தம் இல்லங்களுக்கே அழைத்துச் சென்றார்கள். படையினரும் உதவிக்கு வந்தனர். தொலைக்காட்சியில் அக்காட்சியைக் கண்டபோது, பிடிவாதம் பிடித்த என் வயதுக்காக நான் நாணினேன்.

அவ்விரவில் மருத்துவமனையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அக்காவுக்கு மூச்சுத்திணறல் மிகுந்திருக்கிறது. பேச விரும்பினால் தொலைபேசியைக் காதருகே வைக்கிறோம் என்றார் ஒரு தாதி. நான் "அக்கா" என்றேன். மறுமுனையில் மூச்சொலி மட்டும் கேட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகளாகத் தொண்டைக்குள் கிடந்த சொல்லைத் தொலைபேசியில் எறிய மனம் வரவில்லை. "வந்துகொண்டே இருக்கிறேன் அக்கா" என்று மட்டும் கூறினேன். சாளரத்துக்கு வெளியே பனி கிடைமட்டமாகப் பறந்துகொண்டிருந்தது. பின்பனியைப் பிரிவின் பொழுதாக வகுத்தவரை அப்போது வணங்கினேன். முன்பனியில் பிரிந்தவர் விரைவில் வந்துவிடுவார் என்னும் நம்பிக்கை இருக்கிறது. பின்பனியிலோ, 'இனிக் குளிர் முடிந்தது' என்று நெஞ்சம் நம்பத் தொடங்கிய பிறகு மீண்டும் குளிர் வருகிறது. அதைத் தாங்குவது அரிது.

ஞாயிறன்று காற்று திரும்பிற்று. பனி உருகத் தொடங்கியது, சிறு மழை, மலைமேல் மூடுபனி, இரவில் ஆங்காங்கே மீண்டும் உறையலாம் என்றது வானொலி. "இன்று போகலாம்" என்றாள் அக்காள் மகள். குளிர்ந்த பனிப்பரப்பின் மேல் ஈரக்காற்று வரும்போது மூடுபனி எழுவது இயல்பாம். மலையுச்சியில் முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சாலையின் இருபுறமும் வாரிக் குவித்த பனி, அழுக்கேறிய உப்பு மூட்டைகளைப் போலக் கிடந்தது.

அக்கா கட்டிலில் சாய்ந்து அமர்ந்திருந்தார். மூச்சுக்குழாய் மூக்கில் இருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கில மண்ணில் வாழ்ந்தும் அவருடைய தமிழ் எங்கள் லயத்துத் தமிழாகவே இருந்தது.

"வந்துட்டியா தம்பி? பனியிலே முக்காடு போட்டுக்கிட்டு வந்தியா?"

இருவரும் சிரித்தோம். மகள் தேநீர் வாங்கச் சென்றாள். அதற்கு மேலும் காலம் தாழ்த்தினால் என்றென்றும் சொல்ல இயலாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். படிக்காமல் விட்ட இரண்டு வரிகளையும், படித்துவிட்ட பொய் வரியையும், அம்மாவின் பெயரால் எழுதிய பதிலையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அக்கா சற்று நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

"எப்படி அக்கா?"

"அந்தக் கடிதத்திலே கோழி இல்லையே."

எனக்கு விளங்கவில்லை. அவரே மெல்ல மெல்ல விளக்கினார். அம்மா சொல்லி எழுதும் கடிதங்களில் எல்லாம் முதலில் கோழி வரும்; எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று வரும். பிறகு பக்கத்து வீட்டுச் சண்டை வரும். "என்ன சாப்பிட்டே?" என்று மும்முறை வரும். அந்தக் கடிதத்தில் அவை ஒன்றும் இல்லை. பாடநூல் மட்டுமே இருந்தது.

"அப்படியானால் ஏன் வரவில்லை? ஏன் இன்னொரு கடிதம் எழுதவில்லை?"

"எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் வந்து ரெண்டொரு நாளிலே விடுதிக் குழாயிலே தண்ணி வந்திருச்சு. குளிர் விட்டுப் போச்சு. சரி, இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்னு இருந்தேன். அப்படியே இருந்துட்டேன்."

நான் பின்னர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தேன். 1963 மார்ச் 6ஆம் தேதிதான் அவ்வாண்டில் பிரிட்டன் முழுவதிலும் உறைபனி இல்லாமல் விடிந்த முதல் நாள். பதினோரு வயதுச் சிறுவனின் பொய்யான முன்னறிவிப்பு, இரண்டு வாரம் கழித்து மெய்யாகிவிட்டிருக்கிறது! மெய்யாகிவிட்டது என்பதனால் அது பொய் இல்லாமல் ஆகிவிடுமா? அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. அக்காவும் அதை எனக்கு முழுமையாகக் கொடுக்கவில்லை. நெடுநேர மௌனத்துக்குப் பின் அவர் ஒன்று கேட்டார்.

"நான் வர்றேன்னு கேட்டது, அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாதா தம்பி?"

"தெரியாது அக்கா."

அவர் முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். கூரையின் விளிம்பிலிருந்து உருகிய நீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கை அவர் கைக்குள் இருந்தது. அதை அவர் விடவில்லை. ஆனால், வேறொன்றும் பேசவுமில்லை. என் நெஞ்சில் இருந்த சுமையை இறக்கி வைக்கவே மலையைக் கடந்து வந்தேன். இறக்கி வைத்தது அவருடைய நெஞ்சின் மீது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நாள்தோறும் சென்றேன். அந்தப் பேச்சை நாங்கள் மீண்டும் எடுக்கவில்லை. கோழிகளைப் பற்றியும், பெரட்டுக் களத்து மணியைப் பற்றியும், மாமாவின் மிதிவண்டியைப் பற்றியும் பேசினோம். ஒருநாள் அவரே, "குளிர் குறைஞ்சிருச்சின்னு கேட்டப்ப அம்மா என்ன சொன்னாங்க?" என்றார். "மாரியாத்தா காப்பாத்தினான்னு கைகூப்பினாங்க" என்றேன். "அப்ப அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பாங்க" என்றார். அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 17ஆம் தேதி கீழைக்காற்று மீண்டும் வீசிற்று. மீண்டும் வெண்பனி பெய்தது. வானொலி அதையும் முன்னரே சொல்லியிருந்தது. 19ஆம் தேதி விடியற்காலையில் அக்கா காலமானார். நான் அருகில் இருந்தேன்.

நாடு திரும்பியபின் நாங்கள் பிறந்த தோட்டத்தைக் காணச் சென்றேன். லயங்கள் இல்லை, ரப்பர் மரங்களும் இல்லை. எங்கும் செம்பனை. செம்பனை ஒரே காலத்தில் இலையுதிர்ப்பதில்லை; அதற்குப் பின்பனி தெரியாது. கோயிலின் பின்புறத்தில் மட்டும் பழைய ரப்பர் மரம் ஒன்று தப்பிப் பிழைத்து நிற்கிறது. அதன் அடியில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வந்தேன்.

இன்றும் மாசி பிறந்துவிட்டால் அந்த மலைப்பகுதியின் வானிலை அறிக்கையை நாள்தோறும் கைப்பேசியில் பார்க்கிறேன். மூடுபனியா, மழையா, உறைபனியா, வெண்பனியா என்று பார்த்து, அக்காள் மகளுக்கு இரண்டு வரி எழுதுகிறேன். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். என்றாலும் எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். முதல் வரியில், எங்கள் வீட்டுக் கோழிகள் எத்தனை முட்டை இட்டன என்பதைக் குறிப்பிட மறப்பதில்லை.